சொல்லத் தெரியாத வலிக்கு யார் பொறுப்பு?

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன்.

நாய்க்கு உடம்பு முடியவில்லை என்றால் முனகும். பூனை மூலையில் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும், தொட்டால் சீறும். மாடு கண்ணீர் விடும் என்று என் பாட்டி சொல்வார். பாம்பு என்ன செய்யும்? அதற்கு இமை கிடையாது, வலியில் கண்ணை மூடக்கூட முடியாது. முனக குரல் இல்லை. வயிறு நிறைந்திருந்தாலும் உயிர் போய்க்கொண்டிருந்தாலும் ஒரே முகம்தான். அப்படிப்பட்ட ஓர் உயிர் நம் பொறுப்பில் இருக்கிறது, அதற்கு நோய் வருகிறது, நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். இது பாவமா? அல்லது "எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடலாமா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் கேட்டிருந்தால், தெரியாமல் செய்தது பாவம் ஆகாது என்று உடனே சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று எழுதத்தான் இந்தக் கட்டுரை.

பந்து வந்த கதை

நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு தாமானில் மூன்று நண்பர்களோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். எங்கள் துறையில் படித்து முடித்த ஒரு சீனியர் அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அவர் ஒரு பால் பைத்தான் வளர்த்து வந்தார். சிங்கப்பூரில் வீட்டில் பாம்பு வளர்க்க அனுமதியே இல்லை. "நீ பாத்துக்கிறியா தம்பி?" என்று கேட்டார். எனக்கும் ஆசை. நம் நாட்டில் இந்த வகைப் பாம்புக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். விண்ணப்பம் போட்டு, உரிமம் கையில் கிடைத்த பிறகுதான் அது என் அறைக்கு வந்தது.

பால் பைத்தான் நம் ஊர்ப் பாம்பு இல்லை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. விஷம் கிடையாது. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்து மாதிரி உருண்டுகொள்ளும், அதனால்தான் அந்தப் பெயர். நானும் அதற்குப் "பந்து" என்றே பெயர் வைத்தேன். நல்ல பராமரிப்பில் இருபது, முப்பது வருஷம்கூட உயிர் வாழும் என்று அண்ணன் சொன்னபோது சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். இருபது வருஷம் என்றால் என்ன என்று யோசிக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "வீட்டுப் பக்கம் மட்டும் கொண்டு வந்துடாதே" என்று போனை வைத்துவிட்டார். சுங்கை சிப்புட்டில் இருக்கும் பாட்டிதான் வேறு மாதிரி கேட்டார். பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு புற்று இருந்ததாம். வெள்ளிக்கிழமை பாலும் முட்டையும் வைத்துக் கும்பிடுவார்களாம். அதே தோட்டத்தில் வீட்டுக்குள் நாகம் நுழைந்துவிட்டால் ஆண்கள் கட்டையோடு வருவார்களாம். அடித்துப்போட்ட பாம்புக்கும் பால் ஊற்றித்தான் புதைப்பார்களாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பாட்டி கேட்டார்: "சாமியைப் பொட்டியில போட்டு வச்சிருக்கியேய்யா, அதுக்கு வயிறு நெறைஞ்சுதான்னு யாரு பாக்குறது?"

"நான்தான் பாட்டி" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பதினாறு நாள்

போன வருஷம் மார்ச் மாதம். பந்து ஒரு வேளை எலியைத் தொடவில்லை. அடுத்த வேளையும் தொடவில்லை. நான் பதறவில்லை. பால் பைத்தான் சில சமயம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட சாப்பிடாமல் இருக்கும், அது அதன் இயல்பு. அந்த அளவில் என் மேல் தப்பில்லை.

சில நாள் கழித்து, ராத்திரி நேரத்தில் பந்து தலையைச் சுவரில் சாய்த்து, மூக்கை மேலே பார்க்க வைத்து அசையாமல் இருந்தது. பார்க்க அழகாக இருந்தது. படம் எடுத்து, "பந்து நிலா பார்க்கிறான்" என்று எழுதி ஸ்டோரி போட்டேன். நாற்பது பேருக்கு மேல் இதயம் போட்டார்கள்.

அதற்கும் சில நாள் கழித்து, ராத்திரி இரண்டு மணிக்கு அசைன்மெண்ட் செய்துகொண்டிருக்கும்போது ஒரு சத்தம். பேனா மூடியைத் திறந்து மூடுகிற மாதிரி, "டிக்... டிக்..." என்று. பெட்டிக்குள்ளேயிருந்து வந்தது. கைப்பேசியில் தேடினேன். இரண்டு பதில் கிடைத்தது. ஒன்று, சட்டை உரிக்கப் போகிற பாம்பின் மூக்கில் பழைய தோல் ஒட்டியிருந்தால் அப்படிச் சத்தம் வரலாம். இன்னொன்று, சுவாசத் தொற்று, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அந்த வாரம் எனக்கு இரண்டு டெஸ்ட், ஒரு டிசைன் பிரசன்டேஷன். கையில் இருந்தது நூற்றுச் சொச்சம் வெள்ளி. நான் முதல் பதிலை எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தை நண்பர்கள் கவனிக்க வேண்டும். எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. இரண்டு பதில் கண் முன்னால் இருந்தது. எது உண்மை என்று பார்க்காமல், எது எனக்கு வசதி என்று பார்த்தேன். பந்தின் கண் மங்கியிருக்கிறதா, தோல் வெளுத்திருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறதா இல்லையா என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். திறக்கவில்லை. திறந்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் போக வேண்டிவரும்.

முதல் முறை தலையைத் தூக்கிய நாளிலிருந்து பதினாறாவது நாள், பந்தின் மூக்குத் துவாரத்தில் ஒரு சின்ன நீர்க்குமிழி. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சுக்கு மூச்சு குமிழி பெரிதாகிச் சின்னதாகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு எந்தக் கதையும் எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

32 என்று காட்டிய எண்

எல்லா விலங்கு மருத்துவரும் பாம்பைப் பார்ப்பதில்லை. விசாரித்து, ஒரு மணி நேரத் தூரத்தில் ஒருவரைக் கண்டுபிடித்தோம். என் அறை நண்பன் பினாங்கைச் சேர்ந்த சீனப் பையன். அவனுடைய மைவியில் போனோம். பந்தைத் தலையணை உறையில் விட்டு, அதை ஸ்டைரோஃபோம் பெட்டியில் வைத்து, நான் மடியில் வைத்துக்கொண்டேன். அவன் சொன்னான், சின்ன வயதில் அவனுடைய பாட்டி பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலுக்குக் கூட்டிப் போவாராம், அங்கே பச்சை விரியன்கள் கிளையில் படுத்திருக்குமாம். "அதுங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா எப்படித் தெரியும்னு அப்ப நான் யோசிச்சதே இல்லை" என்றான்.

மருத்துவர் ஒரு பெண்மணி. பந்தின் வாயை மெதுவாகத் திறந்து காட்டினார். உள்ளே பசை மாதிரி சளி. பாம்புக்கு நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் இல்லை. நம்மைப் போல் இருமிச் சளியை வெளியே தள்ள அதனால் முடியாது. அதனால்தான் தலையை மேலே தூக்கி, மூச்சுப்பாதையை நேராக்கி, கிடைத்த காற்றை இழுக்கப் பார்க்கும் என்று விளக்கினார்.

நான் போட்ட ஸ்டோரி ஞாபகம் வந்தது. நிலா பார்த்துக்கொண்டிருக்கவில்லை அது. மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தது.

அடுத்து அவர் கேட்டார், "ராத்திரி பெட்டிக்குள்ள எத்தனை டிகிரி?"

"32 டாக்டர்" என்றேன். தயங்கவே இல்லை. நானே தெர்மோஸ்டாட் பொருத்தி, நானே கைப்பேசியில் வரைபடம் வருகிற மாதிரி செய்திருந்தேன். ஒரு மாதக் கோடும் நேராக 32-இல் இருந்தது.

"சென்சார் எங்க இருக்கு?"

அந்த ஒரு கேள்வியில் நான் மாட்டிக்கொண்டேன். சென்சார் பெட்டிக்கு வெளியே, ஹீட் மேட்டோடு ஒட்டி இருந்தது. அதற்கு மேலே பெட்டியின் அடிப்பகுதி, அதற்கு மேலே நான் தாராளமாகக் கொட்டிய தென்னை நார்த்தூள். அதற்கும் மேலேதான் பந்து. என் அறையில் ஏர்கோன் ராத்திரி முழுக்க 20-இல் ஓடும், வெக்கையில் எனக்குத் தூக்கம் வராது. வீட்டுக்குத் திரும்பி, பந்து படுக்கும் இடத்தில் வெப்பமானியை வைத்து அளந்தேன். 24. அதற்குச் சூடான பக்கம் 31 முதல் 33 வரை, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 வரை இருக்க வேண்டும். என் பெட்டியின் சூடான பக்கமே, இருக்க வேண்டிய குளிர்ந்த பக்கத்தைவிடக் குளிராக இருந்தது. தொற்றுக்குக் கிருமி காரணம்தான். ஆனால் வாரக்கணக்கில் குளிரில் போட்டு, அதன் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தவன் நான்.

கட்டுப்பாட்டுப் பொறியியல் பாடத்தில் முதல் மாதமே சொல்லித்தருவார்கள்: கருவி எதை அளக்கிறதோ அதைத்தான் கட்டுப்படுத்தும். என் கருவி ஹீட் மேட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டது. அந்தப் பாடத்தில் எனக்கு ஏ வேறு.

கருணையா, கடனா?

ஊசி மருந்து செஃப்டாசிடிம். மூன்று நாளுக்கு ஒன்று, மொத்தம் பத்து ஊசி. பந்தின் எடையை வைத்து அளவைக் கணக்குப் போட்டார் மருத்துவர். பிப்ரவரியில் 1,340 கிராம் இருந்த பாம்பு அன்றைக்கு 1,190 கிராம். 11 விழுக்காடு குறைந்திருந்தது. முதல் இரண்டு ஊசியை அவர் போட்டுக் காட்டினார். உடம்பின் முன்பகுதித் தசையில்தான் போட வேண்டும், பின்பகுதியில் போட்டால் மருந்து உடம்பெங்கும் பரவுமுன் சிறுநீரகம் வழியாகப் போய்விடலாம் என்று காரணத்தோடு சொன்னார். மீதி எட்டு ஊசியை நானே போட வேண்டும். அறை நண்பன் பிடித்துக்கொள்வான், நான் போடுவேன். முதல் தடவை என் கை நடுங்கியதில் அவன், "பாம்பு அசையவே இல்லை, நீதான் அசையுறே" என்றான்.

அந்த ஒரு மாதம்தான் நான் நிறைய யோசித்த மாதம்.

நம் சமய வகுப்புகளில் ஜீவகாருண்யம் பற்றிப் பேசாத நாள் இல்லை. எல்லா உயிர் மேலும் கருணை வேண்டும் என்று நானே இரண்டு தடவை பேச்சுப்போட்டியில் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனால் கருணை என்று சொல்லும்போது, அது நாம் கொடுக்கும் ஒரு கொடை என்கிற நினைப்பு உள்ளே வந்துவிடுகிறது. மனம் இருந்தால் கொடுப்போம். டெஸ்ட் வாரமாக இருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடுவோம். யாரும் கேட்க முடியாது.

கடன் அப்படி இல்லை. நம்மில் பாதிப் பேருக்கு பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது. மனம் நெகிழ்ந்தால்தான் கட்டுவேன் என்று யாராவது சொல்ல முடியுமா? வாங்கினோம், கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பந்துக்கு நான் செய்ய வேண்டியது எது? கருணையா, கடனா?

1970-களில் பாலைவன இகுவானாக்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஊர்வனவற்றுக்கு நம்மைப் போல் உடம்புக்குள்ளேயே காய்ச்சல் உண்டாக்க முடியாது. ஆனால் நோய்க்கிருமி ஏறிய இகுவானாக்கள் வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப்போய் உட்கார்ந்தன. இடம் மாறித் தங்களுக்குக் காய்ச்சலை வரவழைத்துக்கொண்டன. சூட்டில் இருந்தவை அதிகம் பிழைத்தன, குளிரில் வைக்கப்பட்டவை அதிகம் செத்தன. அதாவது, நகர்ந்து போவதுதான் அந்த உயிர்களின் மருந்து.

காட்டில் இருக்கிற பாம்பு குளிர்ந்தால் வெயிலுக்குப் போகும், காய்ந்தால் ஈர வளைக்குள் போகும். நான் பெட்டியின் மூடியைப் பூட்டியபோது அந்த மருந்தை அதன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அதற்கு எத்தனை டிகிரி என்பது என் முடிவு. எத்தனை ஈரம், எப்போது சாப்பாடு, எப்போது தண்ணீர், எல்லாமே என் முடிவு. ஓர் உயிரிடமிருந்து அதன் வழியை எடுத்துக்கொண்டவன், அந்த வழி கொடுத்திருக்கக்கூடிய அனைத்தையும் திருப்பிக் கொடுக்கக் கடன்பட்டவன். பாட்டி அன்றைக்குப் போனில் கேட்டது இதைத்தான் என்று எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

கடன் என்று வைத்துக்கொண்டால், முதலில் கேட்ட கேள்விக்கும் பதில் வருகிறது. கடன்காரன், "தவணை எப்போதுன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. தெரிந்துகொள்வதும் கடனில் அடக்கம். அறியாமையில் இரண்டு வகை இருப்பதாக நினைக்கிறேன். பார்த்தும் தெரியாமல் போவது ஒன்று. பார்த்தால் தெரிந்துவிடுமோ என்று பார்க்காமல் இருப்பது இன்னொன்று. முதலாவதுக்கு மன்னிப்பு உண்டு. என்னுடையது இரண்டாவது.

நண்பர்கள் கேட்ட மூன்று கேள்விகள்

"சோத்துக்கு இல்லாம மனுஷன் கஷ்டப்படுறான், நீ பாம்புக்கு 560 வெள்ளி செலவு பண்றியா?" நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இது: போன வருஷம் 300 வெள்ளிக்குக் காலணி வாங்கினேன், அப்போது யாரும் ஏழையை ஞாபகப்படுத்தவில்லை. பாம்புக்கு மருந்து வாங்கும்போது மட்டும் ஏழை ஞாபகம் வந்தால், அது ஏழை மேல் உள்ள அக்கறைதானா என்று பார்க்க வேண்டும். தர்மம் செய்யப் போகிறேன் என்று சொல்லி வாங்கின கடனைக் கட்டாமல் விடுவதும் சரியில்லை. இரண்டையும்தான் செய்ய வேண்டும். அந்தப் பணத்துக்காக ஒன்றரை மாதம் வார இறுதியில் பகுதி நேர வேலைக்குப் போனேன்.

"எலியைக் கொன்னு பாம்புக்குப் போடுறியே, இதுல எங்கடா அகிம்சை?" சைவம் சாப்பிடும் நண்பன் ஒருவன் கேட்டான். இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. நான் உயிருள்ள எலியைப் போடுவதில்லை, உறைந்த எலியை உருக்கிச் சூடாக்கிப் போடுகிறேன். உயிருள்ள எலி திருப்பிக் கடித்தால் பாம்புக்கும் காயம், எலிக்கும் வீண் பயம். ஆனாலும் எங்கேயோ எனக்காக ஓர் எலி கொல்லப்படுகிறது என்பது உண்மை. பாம்பைச் சைவமாக்க முடியாது, அது ஊன் தின்னவே பிறந்தது. நான் ஒன்று மட்டும் சொல்வேன். பந்தை நான் அலட்சியத்தால் சாக விட்டிருந்தால், அதுவரை அதற்காகச் செத்த எலிகளும் வீண்தான். அந்தக் கணக்கு எனக்கு இன்னும் முடியவில்லை. அதனால்தான் இன்னொரு பாம்பு வாங்க மாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறேன்.

"பேசாம காட்டுல விட்டுடலாமே, அதுதானே உண்மையான விடுதலை?" கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பந்து பெட்டியில் பிறந்து வளர்ந்த ஆப்பிரிக்கப் பாம்பு. நம் காட்டில் விட்டால் அது பட்டினியில் சாகலாம், அல்லது அது சுமக்கும் நோயை நம் காட்டுப் பாம்புகளுக்குக் கொடுக்கலாம். சட்டப்படியும் தப்பு. அப்படி விட்டால் விடுதலை கிடைப்பது எனக்குத்தான், பந்துக்கு இல்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில், பெனின் நாட்டில் விதா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே இதே இனப் பாம்புக்கு ஒரு கோயில் உண்டு, மக்கள் அதைப் புனிதமாக மதிக்கிறார்கள். அதைப் படித்தபோது புற்றுக்குப் பால் ஊற்றிய பாட்டி ஞாபகம்தான் வந்தது. இரண்டு கண்டத்தில், ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு சமூகம் பாம்பைக் கும்பிட்டிருக்கிறது. ஆனால் கும்பிடுவதும் கவனிப்பதும் ஒன்றில்லை. நம் தோட்டத்துக் கதையில் பாம்பின் மேல் பயம் இருந்தது, பக்தி இருந்தது. நிதானமாக உட்கார்ந்து அதைப் பார்த்தவர் குறைவு. நான் பெட்டியில் வைத்தும் பார்க்கவில்லை.

பார்க்கக் கற்றுக்கொண்டது

வளர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் உதவும் என்பதால் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூச்சில் விசில் அல்லது "டிக்" சத்தம், மூக்கில் குமிழி, தலையைத் தூக்கியே வைத்திருப்பது, இவை சுவாசத் தொற்றின் அடையாளம். நாளை என்று தள்ளிப்போடாதீர்கள். நானாக மருந்து கொடுக்கிறேன் என்றும் இறங்காதீர்கள், அளவு தவறினால் சிறுநீரகம் போய்விடும்.

சட்டை ஒரே உறையாக உரிய வேண்டும். துண்டு துண்டாக உரிந்தாலோ கண்ணின் மேல் பழைய மூடி தங்கினாலோ ஈரப்பதம் போதவில்லை என்று அர்த்தம். பால் பைத்தானுக்குச் சுமார் 60 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும், ஏர்கோன் அறையில் காற்று காய்ந்துவிடும். கண்ணின் மேல் இருப்பதை நகத்தால் பிய்க்கக் கூடாது.

பாம்பு எப்போது பார்த்தாலும் தண்ணீர்க் கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்தால், கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும் பாருங்கள். மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் புள்ளி நகர்ந்தால் அது இரத்தம் உறிஞ்சும் செள்.

ஈறு சிவந்து வீங்கியிருந்தால் வாய்ப்புண். அடிவயிற்றுச் செதிலில் நிறம் மாறியிருந்தால் தீக்காயமாக இருக்கலாம், தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட்டின் மேல் பாம்பு சுடச்சுடப் படுத்தே இருந்துவிடும். தலை தன்னால் பின்பக்கம் வளைந்து வானத்தைப் பார்த்தபடி திருகினால், கவிழ்த்தால் நிமிர முடியாமல் தவித்தால், அது நரம்பு சம்பந்தப்பட்டது, அவசரம்.

எல்லாவற்றுக்கும் மேலே, வாரம் ஒரு முறை எடை போட்டு எழுதி வையுங்கள். பாம்பு முகத்தில் காட்டாததைத் தராசு காட்டும். சமையலறைத் தராசு போதும், முப்பது வெள்ளி. சென்சாரை அது படுக்கும் இடத்தில் வையுங்கள்.

பாட்டியின் கால்

ஏப்ரல் கடைசியில் பத்தாவது ஊசி முடிந்தது. சத்தம் நின்றது. ஜூன் மாதம் பந்து எலியைப் பிடித்துச் சுருட்டியபோது நானும் அறை நண்பனும் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். அதன் நுரையீரல் முழுசாகப் பழைய நிலைக்கு வந்துவிட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். பதினாறு நாள் முன்னால் வந்திருந்தால் சொல்லியிருக்கலாம் போல.

பந்து எனக்கு நன்றி சொல்லவில்லை. ஊசி போட்டவன் நான்தான், மருந்து கொடுத்தவனும் நான்தான் என்று அதற்குத் தெரியாது. என்னைக் கண்டால் வாலாட்டப் போவதில்லை. பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று வகுப்பில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். பலனே வராத ஒரு கடமையைச் செய்து பார்த்தபோதுதான் அது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தது. பழகினால் மனம் லேசாகிறது என்பதும் தெரிந்தது.

செமஸ்டர் விடுமுறையில் சுங்கை சிப்புட் போனேன். பாட்டி வாசலுக்கு வந்து வரவேற்றார். எப்போதும் போல் பேச்சு, எப்போதும் போல் சிரிப்பு. ஆனால் ஒரு காலில் மட்டும் காலுறை போட்டிருந்தார். நடக்கும்போது அந்தக் காலின் முன்பகுதியை ஊன்றவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் இருந்த நான் அதைப் பார்த்திருப்பேனா என்று சந்தேகம்தான்.

"காலுக்கு என்ன பாட்டி?"

"ஒன்னுமில்லய்யா. கொசு கடிச்சது."

"காட்டுங்க."

"ஒன்னுமில்லன்றேன்ல. நீ மொதல்ல சாப்பிடு."

பாட்டிக்கு இனிப்புநீர் இருக்கிறது. காலுறையைக் கழற்றியபோது பெருவிரலுக்கு அடியில் புண். மூன்று வாரமாம். அம்மாவுக்கு வேலை, மாமாவுக்கு வேலை, யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மஞ்சள் பூசிக் காலுறை போட்டு மறைத்திருக்கிறார். அன்றைக்கே கிளினிக் போனோம். நேரத்துக்கு வந்தீர்கள் என்றார்கள்.

காட்டில் விலங்கு நோயை மறைக்கும், நோய் தெரிந்தால் எதிரி முதலில் அதைத்தான் பிடிப்பான். பாட்டி மறைத்தது எங்களுக்குப் பயந்து இல்லை, எங்களுக்காக. காரணம் வேறு, ஆனால் பார்க்கிறவன் பார்க்காவிட்டால் முடிவு ஒன்றுதான். "ஒன்னுமில்ல" என்று பாட்டி சொன்னால், எனக்கு அந்த 32 தான் ஞாபகம் வருகிறது.

மறுநாள் நான் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டபோது பாட்டி கேட்டார், "பாம்புக்கு ஊசி போட்ட கையாய்யா இது?" ஆமாம் என்றேன். "அது நல்லா இருக்கா?" என்றார். "1,310 கிராம் பாட்டி" என்றேன். கிராம் கணக்கெல்லாம் அவருக்கு எதற்கு என்று பிறகு தோன்றியது. ஆனால் பாட்டி, "பரவால்ல, தேறிடுச்சு" என்று தலையாட்டினார்.

"நிலா பார்க்கிறான்" படத்தை நான் இன்னும் கைப்பேசியில் வைத்திருக்கிறேன், அழிக்கவில்லை. நண்பர்களே, உங்கள் பொறுப்பில் இருக்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். அது மீன் தொட்டியாக இருக்கலாம், கூண்டுப் பறவையாக இருக்கலாம், சாப்பாட்டு மேசைக்கு வராமல் அறைக்குள்ளேயே இருக்கும் தம்பியாக இருக்கலாம், காலுறை போட்ட பாட்டியாக இருக்கலாம். அவர்கள் சொல்ல மாட்டார்கள், அல்லது சொல்லத் தெரியாது. இந்த வாரம் ஒரு ஐந்து நிமிஷம் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள்.